கிளப் ஓனர் கோடீஸ்வரர், ஆனாலும் ஏன் வீரர் வாங்கப் பணமில்லை என்கிறார்கள்?

கால்பந்து கிளப்பின் ஓனர் என்றால் அதன் பங்குகளை வைத்திருப்பவர், அவ்வளவுதான். அணியின் செலவு பெரும்பாலும் டிவி உரிமை, டிக்கெட், விளம்பரம், வீரர் விற்பனை ஆகியவற்றில் வரும் வருமானத்தில்தான் ஓடுகிறது.

ஏற்காட்டில் ஒருவர் காபித் தோட்டம் வாங்குகிறார் என்று வையுங்கள். கிரயத் தொகை முழுக்கப் பழைய முதலாளிக்குப் போய்விடும். அதில் ஒரு மூட்டை உரம்கூட வராது. டிசம்பரில் பழம் பறிக்க வருபவர்களின் கூலி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியின் பராமரிப்பு எல்லாம் தனிக் கணக்கு. 2022-ல் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சி கைமாறியபோது பங்குகளுக்குக் கொடுத்த 250 கோடி பவுண்டும் அப்படித்தான்: முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்குக்குப் போனது, அணிக்கு அல்ல.

சரி, சொந்தப் பணத்தை அள்ளிக் கொட்டலாமே? அங்கேதான் கடிவாளம். ஓனர் போடும் பணம் வருமானம் ஆகாது, நட்டம் நட்டம்தான். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் அப்போதைய மூன்று ஆண்டு நட்ட வரம்பான 10.5 கோடி பவுண்டைத் தாண்டியதற்காக 2023-ல் எவர்ட்டன் கிளப்புக்கு 10 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. (ரசிகர்களுக்கு அதுவும் வயிற்றெரிச்சல்தான்.)

வீரரின் விலையையும் ஒரே ஆண்டில் செலவாக எழுத மாட்டார்கள். 6 கோடி பவுண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் கணக்கில் ஆண்டுக்கு 1.2 கோடி. சம்பளம் தனி.

சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "6 கோடியும் அந்தப் பையனுக்கா?" இல்லை, அது அவரை விடுவித்த பழைய கிளப்புக்குப் போகும் தொகை.