மேலூர் அக்காவுக்கு, இன்டர்வியூல வாயடைச்சுப் போன தம்பி பத்தி

அக்கா, நீங்க எழுதுனத ராத்திரியே படிச்சுட்டேன். ரெண்டு வருசம் சாஃப்ட்வேர் வேல பாத்த பையன், ஆன்லைன் இன்டர்வியூல முக்கா மணி நேரத்துல பாதி நேரம் வாயே தெறக்கல, மறுநாளே ரிஜெக்ட்னு மெயில் வந்துருச்சு, அதுல இருந்து சரியா சாப்பிடல, கடைக்கும் வந்து உக்கார மாட்டேங்குறான், சென்னையில ஏதாவது கோர்ஸ்ல சேத்து விடவான்னு கேட்டுருக்கீங்க. கோர்ஸுக்கு இப்ப பணம் கட்டாதீங்க. அவன வையவும் செய்யாதீங்க.

அவங்க கேட்டது என்னன்னு பாத்தேன். ஒரு நம்பர் லிஸ்ட் குடுத்து, எந்த ரெண்ட கூட்டுனா 100 வரும்னு கண்டுபிடிக்கணும். ரொம்பப் பழைய கேள்வி. கடைசியில புரோகிராம் கோடும் சரியாத்தான் எழுதியிருக்கான். ஆனா எதிர்ல இருக்குறவருக்கு அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு டீம்ல ஒரு சிக்கல் வந்தா இவன் கூட உக்காந்து பேசித் தீக்க முடியுமான்னுதான் அவரு பாக்குறாரு.

எனக்கும் இது நடந்துருக்குக்கா. டெவலப்பரா இருந்தப்ப ஒரு கம்பெனி இன்டர்வியூக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி எக்மோர்ல இறங்கி நேரா போனேன். போர்டுல எழுதச் சொன்னாங்க, மார்க்கர கையில புடிச்சுக்கிட்டு தப்பா சொல்லிருவோமோன்னு அப்படியே நிக்கிறேன், உள்ளுக்குள்ள விடை ஓடுது. "என்ன யோசிக்கிறீங்க"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவையும் "ஒன்னுமில்ல சார்"னேன். அதோட முடிஞ்சது.

அதுனால தம்பிக்கு இத சொல்லுங்க. கோட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கணும், நெகட்டிவ் நம்பர் வருமா, ஒரே நம்பர ரெண்டு தடவ எடுக்கலாமான்னு. அப்புறம் மட்டமான வழியையே மொதல்ல வாய்விட்டுச் சொல்லணும், "ஒவ்வொன்னையும் மத்ததோட கூட்டிப் பாக்கலாம், ஆனா 10,000 நம்பர் இருந்தா கிட்டத்தட்ட 5 கோடி ஜோடி ஆகும், லேட்டாகும்"னு. அதுலயே பாதிக் கெணறு தாண்டிருவான். அடுத்து ஹேஷ் மேப், அதாவது பாத்த நம்பரையெல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டு, வேணுங்கிறது இருக்கான்னு தேடாம நேரா பாக்குற வழி. 37 கையில வந்தா 63 முன்னாடியே வந்துச்சான்னு பாத்தா போதும், லிஸ்ட்ட ஒரே தடவ ஓட்டுனா முடிஞ்சது.

இது உங்களுக்குத் தெரியாததில்லக்கா. கொட்டாம்பட்டிக்காரரு பாக்கி எவ்வளவுன்னு கேட்டா கடன் நோட்டு முழுசையுமா பொரட்டுவீங்க? முன்பக்கத்துல பேரப் பாத்து நேரா அவரு பக்கத்துக்குப் போவீங்கல்ல, அதேதான்.

இங்கிலீஷ் வரலன்னு கவலப்படுறீங்க. மொதல்ல ஒரு வாரம் தமிழ்லயே வாய்விட்டுப் பேசிப் பழகட்டும், அப்புறம் அதையே இங்கிலீஷ்ல, உடஞ்ச இங்கிலீஷ்னாலும் பரவால்ல, கம்முனு இருக்குறதுக்கு அது எவ்வளவோ மேல். மதுரைங்கிறது ஒரு கொறையே இல்ல, இலந்தைக்குளத்துலயும் வடபழஞ்சியிலயும் தமிழ்நாடு அரசோட எல்காட் ஐடி பார்க் இருக்கு, அங்க வேல பாக்குறவங்கள்ல நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எத்தன பேரு.

பல கம்பெனியில ஆறு மாசம் போல கழிச்சுத் திரும்ப அப்ளை பண்ண விடுவாங்க, அந்த மெயில அழிக்காம வச்சுக்கச் சொல்லுங்க.

இன்னைக்கு மத்தியானம் கடையில கூட்டம் கொறஞ்சதும் அவனக் கூப்புட்டு நோட்ட முன்னாடி வச்சு, ஹேஷ் மேப்னா என்னடான்னு கேளுங்க. புரியலன்னா புரியலன்னே சொல்லுங்க, அவன் திரும்பச் சொல்லட்டும்.