ஊழல் எங்கே வேர் பிடிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தானே செய்வான்? சில நாட்டு மக்களின் குணமே இப்படித்தானா?

பதில்: குணம்தான் காரணம் என்றால், ஆள் எந்த ஊருக்குப் போனாலும் அதுவும் கூடவே போக வேண்டும். ஓரளவு போகத்தான் செய்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு. 2002 வரை, காரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு அபராதம் கட்டாமலே இருந்துவிட முடிந்தது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் கட்டாத அபராதச் சீட்டுகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊழல் மலிந்த நாடுகளின் தூதர்கள் பேரில் சீட்டுகள் குவிந்து கிடந்தன. நார்வே, ஸ்வீடன் பேரில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் 2002 அக்டோபரில், பாக்கி வைத்த காரின் தூதரக நம்பர் பிளேட்டையே பறிக்கும் அதிகாரம் நகர நிர்வாகத்துக்குக் கிடைத்தது. விதிமீறல் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துபோனது. அதே நாடுகள், அதே பழக்கவழக்கம். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மட்டும்தான் புதிது. "அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான்" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: சம்பளத்தைக் கூட்டினால் லஞ்சம் நின்றுவிடாதா?

பதில்: வயிற்றுக்கே போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் சம்பளம் தனியாக வேலை செய்வதில்லை. கானாவில் 2010-ல் போலீஸ் சம்பளம் இரட்டிப்பானது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களிடம் பிடுங்கும் தொகை அதற்குப் பிறகு கூடியது என்றுதான் ஆய்வில் தெரிந்தது.

எல்லோரும் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே எது முதலில் நடந்தது என்று பாருங்கள். 1951-ல் நடந்த ஓர் அபின் கொள்ளையில் போலீஸ்காரர்களே சிக்கினார்கள். போலீஸ் லஞ்சத்தைப் போலீஸே விசாரித்தால் உருப்படாது என்று, மறு ஆண்டே தனி விசாரணை அமைப்பு வந்தது. 1960-ல் கடுமையான சட்டம். அமைச்சர்களின் சம்பளத்தைத் தனியார் துறை வருமானத்தோடு ஒப்பிட்டு நிர்ணயித்தது 1994-ல்தான்.

கேள்வி: எண்ணெயும் வைரமும் கிடைத்த நாடுகள் ஏன் கெட்டுப்போகின்றன?

பதில்: எல்லாம் கெடவில்லை. மக்களிடம் வரி வாங்கிப் பிழைக்கும் அரசு, அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கிணற்றிலிருந்து பணம் வந்தால் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. எண்ணெய் வளமுள்ள நைஜீரியாவை ராணுவத் தளபதி சானி அபாச்சா 1993 முதல் 1998 வரை ஆண்டார். அவர் கூட்டம் சுருட்டிய பணத்தில் பல கோடி டாலர்களைச் சுவிட்சர்லாந்து பின்னர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

போட்ஸ்வானாவில் சுதந்திரத்துக்கு மறு ஆண்டு, 1967-ல், வைரம் கிடைத்தது. தலைவர் செரெட்சே காமா, கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து எடுத்து நாட்டுக்குப் பொதுவாக்கினார். தன் சொந்த இனக்குழுவுக்கும் விலக்குத் தரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

கேள்வி: அப்படியானால் பணக்கார நாடுகள் சுத்தமா?

பதில்: இல்லை. ஜெர்மனியில் 1990-களின் இறுதி வரை, நிறுவனங்கள் வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ளலாம்! 2008-ல் சீமென்ஸ் நிறுவனம் லஞ்ச வழக்குகளுக்காக அமெரிக்க, ஜெர்மானிய அரசுகளுக்குச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. ஊழல் குறைந்த நாட்டை மேலே வைத்து உலக நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில், வாங்கியவன் நாடு அடிமட்டத்தில் இருக்கும், கொடுத்தவன் நாடு மேலே இருக்கும். அந்தப் பட்டியல் பொதுத்துறை பற்றிய அபிப்பிராயத்தைத்தான் அளக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: தேர்தல் வந்தால் குறையுமா?

பதில்: தேர்தலுக்கே பணம் வேண்டுமே! பிரேசிலின் ஓடிபிரெக்ட் கட்டுமான நிறுவனம் பல நாட்டுக் கட்சிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பணம் கொடுக்கவே தனிப் பிரிவு வைத்திருந்தது. கட்சி நிதிக் கணக்கு மறைவாக இருக்கும்வரை தேர்தலை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: சாதாரண ஆட்களால் ஏதாவது முடியுமா?

பதில்: முடியும். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, பள்ளிகளுக்கென்று அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. மீதி நடுவிலேயே போனது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று பத்திரிகையில் போட்டார்கள், பள்ளியிலும் எழுதி ஒட்டினார்கள். சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. முழுப் பெருமையும் அந்த அறிவிப்புக்கே சேராது, வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன. ஆனாலும் வர வேண்டிய தொகை தெரியாத பெற்றோர், தலைமையாசிரியரிடம் போய் எதைக் கேட்பார்கள்?