வாசகர் கேள்வி பதில்: கடையில் வாங்கிய சிப் விண்வெளியில் தாங்குமா?

கேள்வி: என் பேத்தி காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். தோழிகளோடு சேர்ந்து கையடக்கமாக ஒரு சாட்டிலைட் செய்கிறாளாம். உள்ளே இருக்கும் சிப்பெல்லாம் ஆன்லைனில் வாங்கியது, போனில் இருப்பது மாதிரிதான் என்கிறாள். மேலே போய்க் கெட்டுப்போனால் இத்தனை உழைப்பும் வீண்தானே?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கெட்டுப்போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது ஆச்சி. ஆனால் எப்போது, எதனால் கெட்டது என்று கீழே தகவல் வந்துவிட்டால் உழைப்பு வீணாகாது, அதைத் தெரிந்துகொள்ளத்தானே அனுப்புகிறார்கள். விண்வெளிக்கென்றே செய்யும் சிப்புக்கு விலை பல மடங்கு, வேகமும் குறைவு. அதனால்தான் கடைச் சரக்கு மேலே எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள். நாசாவே 2013 ஏப்ரலில் சாதாரண செல்போனை மூளையாக வைத்து மூன்று குட்டிச் சாட்டிலைட்களை அனுப்பியது. இருந்தது ஒரு வாரம்தான், அதற்குள் பூமியைப் படம் பிடித்தே அனுப்பிவிட்டன.

மேலே முதல் எதிரி கதிர்வீச்சு. ஒரு துகள் மெமரியில் பட்டால் 0 என்பது 1 ஆகிவிடும், அது பரவாயில்லை, ரீசெட் செய்தால் சரியாகிவிடும். சில சமயம் சிப்புக்குள் திடீரென்று கரண்ட் எகிறும், உடனே பவரைத் துண்டித்து மறுபடி கொடுக்காவிட்டால் சிப் கருகிவிடும், அதனால் கரண்டைக் கண்காணிக்க ஒரு சர்க்யூட் கட்டாயம் வேண்டும், அது எத்தனை தடவை துண்டித்தது என்ற கணக்கும் கீழே வர வேண்டும். பேத்தி ஊருக்கு வரும்போது "சிப் போய்விட்டால் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். டக்கென்று பதில் சொன்னால் பிள்ளைகள் சரியான வழியில் போகிறார்கள்.

அப்புறம் பேட்டரி. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதற்குள் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி பாழாகும். இதை விசாரிக்க வெளியூர் போக வேண்டாம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியிலேயே இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சி அவர்களுடைய முக்கியமான வேலை. பேராசிரியர் மூலமாகப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதுவரை அனுப்பியிருக்கின்றனவா? எங்களைப் போன்ற சின்ன ஊர் மாணவர்களுக்கு வழி உண்டா?
- ஒரு மாணவர், கானாடுகாத்தான்

பதில்: உண்டு தம்பி. 2009-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் போனது, 40 கிலோ. 2016-ல் போன சத்யபாமாசாட் வெறும் ஒன்றரைக் கிலோ. இப்போது முழுச் சாட்டிலைட்கூட வேண்டாம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் கட்டம் வேலை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும், அதையே மேடையாக்கி, மற்றவர்களின் சோதனைக் கருவிகளையும் பொருத்த 2019 முதல் இஸ்ரோ இடம் தருகிறது. பவரும் தகவல் தொடர்பும் அந்த மேடையே கொடுக்கும் என்பதால், சிப்பைச் சோதிக்க மட்டும் நினைக்கிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்பேன். தனிச் சாட்டிலைட்தான் வேண்டும் என்றால், அதோடு கீழிருந்து பேச, குழுவில் ஒருவராவது இப்போதே ஹாம் ரேடியோ (தனியார் ஆர்வலர்கள் பயன்படுத்தும் வானொலித் தொடர்பு) தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிடுங்கள்.