சாக்ஸ் நாற்றமும் லாக் புத்தகமும்: கேபின் க்ரூவின் சில கேள்விகள்

இறங்க ஆரம்பிக்கும்போது பின் வரிசைகளில் அழுக்குச் சாக்ஸ் மாதிரி ஒரு நாற்றம். சீனியர் "ஓவனா இருக்கும், விடு" என்றார். பத்து நிமிடத்தில் போய்விட்டது. இதையெல்லாம் எழுதணுமா?

எழுதணும். முதலில் கேப்டனுக்குச் சொல்லணும், அதுவும் உடனே, ஏனென்றால் அதே காற்றுதான் காக்பிட்டுக்கும் போகிறது.

பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்றை எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரிலிருந்தே எடுக்கிறார்கள், பிளீட் ஏர் என்பது அதைத்தான். எஞ்சின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல்கள் பலவும் காற்றழுத்தத்தை நம்பி வேலை செய்பவை. த்ரஸ்டை, அதாவது எஞ்சினின் தள்ளுவிசையை, கூட்டும்போதும் குறைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் நழுவ வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்கிற நேரம் அப்படிப்பட்ட நேரம்தான். ஓவனாகவும் இருக்கலாம், சரி, அதை எஞ்சினியர் திறந்து பார்த்துச் சொல்லட்டும். இன்னொன்று, நாற்றம் "போய்விட்டது" என்பதை நம்பாதீர்கள். மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். முன்பக்கம் நிற்கும் ஒருவரைப் பின்னால் வரச்சொல்லி முகரச் சொல்லுங்கள்.

நான் விமானங்களைப் பழுதுபார்க்கும் லைன் மெயின்டெனன்ஸில் இருந்தபோது ஒரு ராத்திரி, விமானத்தின் குறைகளை எழுதிவைக்கும் டெக் லாக்கில் "கேபினில் நாற்றம்" என்று மட்டும் எழுதியிருந்தது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை, "குறை ஏதும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அதே விமானம், வேறு க்ரூ. கேபின் லாக்கில் ஒரு பெண் எழுதியிருந்தார்: தரையிறங்கியபின் ஏபியு (வாலில் இருக்கும் சின்னத் துணை எஞ்சின்) ஓட ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் நாற்றம், சாக்ஸ் வாடை, பேக்கை (கேபின் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் கருவி) நிறுத்தியதும் குறைந்தது, இரண்டு பேருக்குத் தலைவலி. நேராக வால்பக்கம் போனோம். ஏபியுவில் எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தார்கள், குழாய்க்குள் விரலை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. முதல் நாள் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. எப்போது வந்தது, எஞ்சினா ஏபியுவா எது ஓடிக்கொண்டிருந்தது, எந்த வரிசை, என்ன மாதிரி வாடை, யாருக்கு என்ன செய்தது, இவ்வளவையும் எழுதுங்கள்.

ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதே? மோசமானால் ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிவிட முடியாதா?

ஹெப்பா தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஆவியையும் வாயுவையும் பிடிக்காது. அதோடு அதன் வழியாகப் போவது கேபினுக்குள் திரும்பச் சுற்றும் காற்று; எஞ்சினிலிருந்து புதிதாக வருவது அதைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். மேலிருந்து விழும் பயணிகள் மாஸ்க் கேபின் காற்றையும் கலந்துதான் தரும், அதனால் புகைக்கு அது பாதுகாப்பு இல்லை. விமானிகளின் மாஸ்க் வேறு, அதில் முழு ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளலாம். 2010 டிசம்பரில் வியன்னாவிலிருந்து கொலோன் வந்த ஜெர்மன்விங்ஸ் விமானத்தை இரண்டு விமானிகளும் அந்த மாஸ்க்கோடுதான் தரையிறக்கினார்கள். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாளும் தலை கிறுகிறுக்கிறது. என்ன டெஸ்ட் எடுப்பது?

அன்றைக்கே போயிருக்கணும். கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் இருந்தால் சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், மறுநாள் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். எண்ணெயில் இருக்கும் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற ரசாயனத்துக்கு வழக்கமான லேபில் சோதனை கிடையாது. நீண்டகால பாதிப்பு பற்றி மருத்துவ உலகில் இன்னும் ஒத்த கருத்து இல்லை, ஆனால் உங்கள் கிறுகிறுப்பு உண்மை. இன்றே டாக்டரைப் பாருங்கள், ஃப்ளைட்டில் நடந்ததைச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சரியாகும்வரை ட்யூட்டிக்குப் போகாதீர்கள்.

எழுதினால் ரோஸ்டரில் (ட்யூட்டி அட்டவணையில்) கைவைப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள், அது வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதாததன் விலையும் தெரியணும். 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டன் அருகே சீக்கிரமே அதிகமாகத் தாழ இறங்கி மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரம் முன்னால் யுனைடெட் விமானம் ஒன்று கிட்டத்தட்ட அதே தவறைச் செய்து தப்பியிருந்தது, அந்த எச்சரிக்கை யுனைடெட் விமானிகளைத் தாண்டி வெளியே போகவில்லை. அதன் பிறகுதான் 1976-ல் நாசா நடத்தும் ஏஎஸ்ஆர்எஸ் வந்தது, விமானத் துறையில் வேலை பார்ப்பவர்கள் நடந்ததை எழுதி அனுப்பும் ஏற்பாடு அது. பெயரை நீக்கிவிட்டுத்தான் விவரத்தைப் பயன்படுத்துவார்கள். பிரிட்டனில் அதே மாதிரி 1982 முதல் சர்ப் (CHIRP) இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 376/2014 விதிப்படி கட்டாயம் சொல்லவேண்டிய சம்பவங்களை 72 மணி நேரத்துக்குள் சொல்லணும். வேண்டுமென்றே செய்த தவறு, பெரிய அலட்சியம் தவிர மற்றதற்கு, சொன்னவரை நிறுவனம் தண்டிக்கக்கூடாது. எங்கே வேலை பார்த்தாலும் அறிக்கையின் ஒரு நகலையும், அனுப்பிய தேதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட இருந்த க்ரூவும் தனித்தனியாக எழுதட்டும், நாலு பேர் எழுதியதை ஒருவர் கற்பனை என்று தள்ளுவது கஷ்டம்.

நான் பயணி. போயிங் 787-ல் இந்தப் பிரச்சினை இல்லையாமே?

787-ல் கேபின் காற்றை எஞ்சினிலிருந்து எடுப்பதில்லை, மின்சார கம்ப்ரஸர் வெளிக்காற்றை நேராக இழுக்கிறது. எஞ்சின் எண்ணெய் கலக்கும் அந்த முக்கிய வழி இல்லை. மின்சாதனம் சூடாகி வரும் வாடை எந்த விமானத்திலும் வரலாம். ஏதாவது வாடை வந்தால் பெல்லை அழுத்தி க்ரூவிடம் சொல்லுங்கள், சீட் நம்பரோடு.