விசாரிக்கிற இடத்திலேயே நாயை எடுங்கள்

கேள்வி: எங்கள் மகளுக்குப் பத்து வயது. தீபாவளி வாரத்தில் வரும் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வேண்டும், அதுவும் காப்பகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்கிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஒரு காப்பகத்துக்குப் போனோம். ஆதார் கேட்டார்கள், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள், ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள் என்று அரைமணி நேரம் விசாரித்தார்கள். கடைசியில் "உங்களுக்குக் குட்டி தர முடியாது, வளர்ந்த நாய் வேண்டுமானால் பாருங்கள்" என்றார்கள். கணவருக்குக் கோபம். "தெருநாய்க்கு இவ்வளவு கெடுபிடியா? காசு கொடுத்து நல்ல ஜாதிக் குட்டியாக வாங்கிவிடலாம்" என்கிறார். நாங்கள் எங்கே போவது, எப்படி எடுப்பது?
— ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: அரைமணி நேரம் விசாரித்த அந்தக் காப்பகத்துக்கே திரும்பப் போங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் திரும்பி வந்த ஒரு நாய் இருக்கும். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தது, பகலெல்லாம் தனியாகக் குரைத்துப் பக்கத்து வீட்டுச் சண்டையில் திரும்பி வந்தது, வெளிநாட்டு வேலை கிடைத்ததும் திரும்பி வந்தது. திரும்பி வந்ததாவது பரவாயில்லை. எத்தனையோ நாய்கள் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடப்படுகின்றன. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் நாய் லாரியில் அடிபட்டிருக்கும். அதனால்தான் கொடுப்பதற்கு முன்பே கேட்கிறார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், எதையுமே கேட்காத ஓர் இடத்திலிருந்து ஒரு குட்டி எடுத்து வந்தேன். போன ஐந்தாவது நிமிடம் கையில் கொடுத்துவிட்டார்கள். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று வாயால் சொன்னார்கள், அட்டை எதுவும் தரவில்லை. நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தபேதி, ஆறாம் நாள் காலை அது இல்லை. பார்வோ வைரஸ். உடம்பில் நுழைந்து மூன்று முதல் ஏழு நாளில் தலைகாட்டும் நோய் அது. அப்படியென்றால் என் மடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தபோதே அது நோயோடுதான் வந்திருக்கிறது. அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொன்னபின், ப்ளீச்சிங் கரைசல் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டே அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வீட்டில் அடுத்த ஒரு வருடத்துக்கு வேறு குட்டியைக் கொண்டுவரவில்லை.

ஆகவே காப்பகத்தில் நீங்களும் கேளுங்கள். நாய் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, வந்தபின் எத்தனை நாள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள்? வெறிநாய்க்கடி ஊசி என்றைக்குப் போட்டார்கள், பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் ஊசி எத்தனை தவணை முடிந்தது? அட்டையில் தேதியும், மருந்துப் புட்டியில் இருந்து உரித்து ஒட்டிய லேபிளும், டாக்டர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கருத்தடை ஆகிவிட்டதா? ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள், எங்களிடமே கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம்.

சென்னையில் இருக்கும் உங்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. கிண்டியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. 1959-இல் தொடங்கியது. அடையாறு பக்கம் அன்னி பெசன்ட் நினைவாக நடக்கும் விலங்கு மருந்தகம் இருக்கிறது. இவை தவிர, அடிபட்ட நாய்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துத் தேற்றி ஆள் தேடும் தனிமனிதர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அப்படி ஒரு வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்த நாய்தான் உங்களுக்குப் பொருத்தம். குக்கர் விசில், காலிங் பெல், மிக்ஸி சத்தம் எல்லாம் அதற்குப் பழகியிருக்கும். மாடிப்படி ஏறுமா, தனியாக விட்டால் என்ன செய்யும் என்பதையும் அந்த வீட்டுக்காரர் நேரில் பார்த்திருப்பார். ஒரு எச்சரிக்கை: போனில் படம் மட்டும் அனுப்பி, நாயைக் காட்டாமல், "வண்டிக் கூலியை முதலில் போடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

உங்கள் தெருவிலேயே நீங்கள் சோறு வைக்கும் நாய் ஏதாவது இருக்கிறதா? எழுதவில்லை. இருந்தால் முதலில் அதை யோசியுங்கள். தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்கிறது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொல்கிறது.

இப்போது குட்டி விஷயம். இரண்டு பேரும் காலையில் கிளம்பி மாலையில் வருகிற வீட்டில் இரண்டு மாதக் குட்டியை வைத்து வளர்க்க முடியாது. அந்த வயதில் அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். ஊசித் தவணை முழுக்க முடிய நான்கு மாத வயதாகும். அதுவரை வெளியில் தரையில் விடவும் பயம். பகல் முழுக்கத் தனியாக அடைபட்டுக் கத்திக் கத்தி ஓய்ந்துபோகும் குட்டியை உங்கள் மகள் பள்ளிவிட்டு வந்து பார்ப்பாள். காப்பகத்தார் மறுத்தது உங்கள் மகளுக்கும் சேர்த்துச் செய்த நல்லதுதான்.

இரண்டு மூன்று வயது நாயில் ஒளிவுமறைவு குறைவு. எவ்வளவு உயரம் வளரும், குழந்தைகளைக் கண்டால் வாலாட்டுமா ஒதுங்குமா, பூனையைத் துரத்துமா என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். வளர்ந்த நாய் பழகாது என்று உங்கள் கணவரும் நினைக்கக்கூடும். என் வீட்டில் இப்போது இருப்பவள் நான்கு வயதில் வந்தவள். முதல் மூன்று நாள் சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. மூன்று வாரத்தில் என் செருப்புச் சத்தம் தெரிந்தது. மூன்று மாதத்தில் வீட்டுக்கு யார் வர வேண்டும் என்று அவளே முடிவு செய்ய ஆரம்பித்தாள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் எடுத்தவர்கள் கணக்குச் சொல்வார்கள். சில நாய்களுக்குக் கூடக் குறைய ஆகும்.

பார்க்கப் போகும்போது கூண்டுக்கு வெளியே நின்று முடிவெடுக்காதீர்கள். ஐம்பது நாய் குரைக்கும் இடத்தில் சாதுவான நாயும் கத்தும், தைரியமான நாயும் மூலையில் சுருண்டு கிடக்கும். வெளியே ஒரு மரத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூவரும் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கையை நீட்டி அழைக்க வேண்டாம், கண்ணை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அதுவாக வந்து முகரட்டும். இன்னொரு நாள் வேறு நேரத்தில் மறுபடி போங்கள். அலுவலக அறையில் இருப்பவரிடம் பேசியதோடு நிறுத்தாமல், தினமும் சோறு வைத்துக் கூண்டு கழுவுகிறவரிடம் பேசுங்கள். எந்த நாய் தட்டில் கை வைத்தால் உறுமும், எது இடிச் சத்தத்துக்கு நடுங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். காதில் சிறிய வெட்டு இருந்தால் அருவருக்காதீர்கள்; கருத்தடை செய்த அடையாளம் அது. மூன்று கால் நாயையும், ஒரு கண் போன நாயையும் கடந்து போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். அவற்றைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

உங்கள் கணவருக்குச் சில வார்த்தைகள். ஐயா, தெருவில் பிறந்த நாய் என்பதால் நோய் ஒட்டிக்கொண்டிருக்காது. ஊசி போடாத எந்த நாய்க்கும் வெறிநோய் வரலாம், விலை கொடுத்து வாங்கிய நாய் உட்பட. எடுத்த வாரமே உங்கள் டாக்டரிடம் காட்டி உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம் ஊரில் அது ரொம்ப சாதாரணம், சீக்கிரம் தெரிந்தால் மருந்துக்குக் கட்டுப்படும். ஜாதி நாய்தான் வேண்டுமென்றாலும் காப்பகத்திலேயே பாருங்கள். லாப்ரடாரும் ஹஸ்கியும் சிட்சூவும் அங்கே வந்து கிடக்கின்றன, பலமுறை குட்டி போட வைத்துத் தள்ளிவிடப்பட்ட தாய்நாய்கள் உட்பட. 2017-இல் வந்த மத்திய விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடையில் பதிவுச் சான்றையும் தாய்நாயையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சம்மதக் கடிதத்தை இன்றே வாங்குங்கள். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பது. அதில் நாய் கூடாது என்று இருந்தால் முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளின் ஆசை நியாயமானது, அவள் காப்பகம் என்று சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கணக்குப் போடுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அவள் எட்டு வருடத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடலாம். மழையில் காலை ஆறு மணிக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கப் போவது நீங்கள் இருவரும்தான். உங்களில் ஒருவராவது "எனக்கும் நாய் வேண்டும்" என்று மனதாரச் சொல்லும்வரை எடுக்காதீர்கள்.

பிறந்தநாள் அன்று நாய் வர வேண்டாம். தீபாவளி வெடிச் சத்தத்தில் பழகிய நாய்களே மிரண்டு கதவிடுக்கில் பாய்ந்து காணாமல் போகின்றன. வீடு எது, தெரு எது என்று தெரியாத புது நாய் ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. பிறந்தநாளுக்கு மகளைக் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். அவள் கையால் அரிசி மூட்டையோ பழைய போர்வைகளோ கொடுக்கட்டும். அதன்பிறகு வாராவாரம் போய் ஒரே நாயோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கார்த்திகை தீபமும் முடிந்து வெடிச் சத்தம் ஓய்ந்தபின், மூவருக்கும் விடுமுறை இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் மாட்டி, மாடிக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, அது படுத்துப் பழகிய போர்வையையும் கேட்டு வாங்கிக்கொண்டு அழைத்து வாருங்கள்.