பிள்ளை ஓயாமல் ‘ஏன்’ என்று கேட்கும்போது நமக்கே விடை தெரியாவிட்டால் என்ன செய்வது?

ஏழு வயது மகள் கேட்பதில் பாதிக்கு விடை தெரியவில்லை, தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். தெரியாதது நல்லதுதான். எனக்கு விடை தெரிந்ததுதான் வினையாகப் போனது.

கொடைக்கானலில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து, “டீச்சர், வத்தலக்குண்டுல வாங்கும்போது தொளதொளன்னு இருந்துச்சு, மலை ஏறினதும் உப்பிருச்சு, ஏன்?” என்றான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வத்தலக்குண்டு 1,000 அடி சொச்சம், நாம் 7,000 அடி, இங்கே காற்றழுத்தம் குறைவு என்று கரும்பலகை நிறைய எழுதித் தள்ளினேன். தலையாட்டினார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த வருடம் வேறொருத்தி அதையே கேட்டாள். “நீ என்ன நினைக்கிறே?” என்று மட்டும் கேட்டேன். பஸ் குலுக்கல் என்றாள். குளிர் என்றான் இன்னொருவன். சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு பாக்கெட்டை ஒரு பீரியட் முழுக்கக் கைமாற்றிக் குலுக்கினார்கள் (சிப்ஸ் தூளானதுதான் மிச்சம்). இன்னொன்றை ஜனவரிப் பனியில் ராத்திரி வெளியே வைத்தோம், காலையில் பார்த்தால் கொஞ்சம் சுருங்கியிருந்தது, குளிர்க் கட்சிக்காரனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை இங்கேயே இறுக மூடி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, வத்தலக்குண்டு போனதும் போட்டோ அனுப்பச் சொன்னோம். படத்தில் பாட்டில் நசுங்கிக் கிடந்தது. கீழே வெயில், சூட்டில் உப்பத்தானே வேண்டும் என்று அந்தக் குளிர்க் கட்சிக்காரன் ஒரே சண்டை. “கண்டக்டர் அண்ணன் கையால அமுக்கியிருந்தா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வேறு.

நான் யோசித்தே பார்க்காத கேள்வி அது. மறுநாள் இரண்டு பாட்டில் போயின, ஒன்று மூடி, ஒன்று திறந்து. திறந்தது அப்படியே இருந்தது, மூடியது மட்டும் நசுங்கியது. “வெளியே இருக்கிற காத்துதான் அமுக்குது டீச்சர், திறந்திருந்தா உள்ளேயும் அதே காத்துதானே” என்றாள் அந்தக் குலுக்கல்காரி.

எல்லாக் கேள்விக்கும் இப்படி உட்கார முடியாது, சோறு ஆறிப்போகும். பத்தில் ஒன்றுக்கு “எனக்கும் தெரியல, எப்படிப் பார்க்கலாம்?” என்று சொல்லிப் பாருங்கள்.

போன வாரம் அந்தக் குலுக்கல்காரியே வந்து, பாட்டி வீட்டில் கீழே சட்டியிலேயே வேகும் பருப்பு இங்கே குக்கர் இல்லாமல் வேகமாட்டேன் என்கிறதே, அதுவும் இதனால்தானா என்று கேட்டாள். காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் வாயை அடக்கிக்கொண்டு, பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒரு தெர்மாமீட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.