முற்போக்கான புராட்டஸ்டன்ட் சபைத் தலைவர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்?

தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு என்று நிறையப் பேர் எழுதுவார்கள், சரிதான். நான் சொல்ல வருவது, 1985இல் டூட்டுவுக்கு அடுத்து தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச்செயலாளராக வந்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி. பெயர் பேயர்ஸ் நௌடே.

1915இல் பிறந்தவர். அப்பாவும் போதகர், அதோடு ஆப்ரிக்கானர்களின் (பெரும்பாலும் டச்சு வழிவந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள்) ரகசியச் சங்கமான புரூடர்பாண்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாட்டை உள்ளிருந்து ஆட்டிவைத்த அந்தச் சங்கத்தில் மகனும் 25 வயதிலேயே சேர்ந்துவிட்டார். ஆப்ரிக்கானர்களின் சபையான டச்சு சீர்திருத்த சபையில் போதகர், பின்னால் வட்டார சினடின் (சபைப் பேரவை) மாடரேட்டர், அதாவது தலைவர் என்று படிப்படியாக மேலே போய்க்கொண்டிருந்தவர், நாற்பது வயது தாண்டும்வரை நிறவெறியை எதிர்த்து வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் போராடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரில் உலகத் திருச்சபைகள் மன்றம் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் கூட்டிய மாநாட்டில் ஒரு அறிக்கை வந்தது: நிறத்தைக் காட்டி யாரையும் சபைக்கு வெளியே நிறுத்தக் கூடாது, கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரம் இல்லை, இவ்வளவுதான். இதற்கே பிரதமர் வெர்வூர்டு கொதித்துப்போனார், டச்சு சபையும் அவசர அவசரமாகக் கை கழுவியது. நௌடே மட்டும் பின்வாங்கவில்லை. 1963இல், இனங்களைச் சேர்த்து இயங்கிய கிறிஸ்தவ நிறுவனத்துக்குத் தலைமை ஏற்கப் போனபோது, அங்கே போனால் போதகர் பட்டம் போய்விடும் என்று சபை சொல்லிவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கின் ஆஸ்ஃபோயல்கோப் சபையில் அவர் கடைசியாகப் பிரசங்கித்த வசனம் அப்போஸ்தலர் 5:29, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது". நம்மூர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிற வசனம்தான், ஆனால் அதைச் சொல்லி முடித்த கையோடு வேலை, பட்டம், சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாவற்றையும் இழந்தவர்கள் எத்தனை பேர்? அதே வருஷம் அவரிடமிருந்த புரூடர்பாண்ட் ஆவணங்கள் ஒரு இறையியல் பேராசிரியர் வழியாகப் பத்திரிகைக்குப் போய்விட, துரோகி என்ற பட்டமும் சேர்ந்தது.

1977 அக்டோபரில் அரசு அந்த நிறுவனத்தையே தடை செய்து, அவர் மேலும் தடை உத்தரவு போட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளோடுதான் பேசலாம், அவர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது. ஏழு வருஷம்! அப்படியும் ஆட்கள் ஒவ்வொருவராக வீடு தேடி வந்து ஆலோசனை கேட்டுப் போனார்கள். அதற்கு நடுவிலேயே, 1980இல், வெள்ளையர் சபையை விட்டுவிட்டு அதன் கறுப்பினச் சகோதர சபையில் சேர்ந்தார். 1990இல் மண்டேலா தரப்பு அரசோடு முதல்முறை அதிகாரபூர்வமாகப் பேச உட்கார்ந்தபோது ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் குழுவில் இவரும் இருந்தார்.

2004இல் இறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது, அப்புறம் ஒரு வேடிக்கை, அதற்கு முன்பு அந்தச் சாலைக்கு டி.எஃப். மலான் பெயர். 1948இல் நிறவெறியை அரசுக் கொள்கையாக்கிய பிரதமர் அவர்தான், அவரும் இதே டச்சு சீர்திருத்த சபையில் போதகராக இருந்தவர்.